ரஹீமா அக்காவின் காய்ச்சல்

என் உடம்பில் ஏதோ சரியில்லை என்று முதலில் காட்டிக்கொடுத்தது என் செருப்பு. மரக்காணம் தொலைபேசி நிலையத்தில் பில் கவுன்ட்டரில் எனக்கு வேலை. காலையில் சரியாக இருக்கும் செருப்பு வார், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பாதத்தை அறுக்கும். சுனாமி வந்துபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கரையோரக் குப்பங்களில் கம்பிகள் அறுந்து கிடந்தன. அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். செத்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஊரில், கால் வீங்குகிறது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு வயிறு வீங்கியது. எனக்கு நாற்பத்தொரு வயது, குழந்தை இல்லை. பில் கட்ட வந்த ஒரு அம்மாள் என் வயிற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, "எத்தினி மாசம்மா?" என்று கேட்டார். அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். மறுநாள் இருவரும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினோம்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் என்னைக் கேட்கவில்லை. என் கணவர் ஏழுமலையைப் பார்த்து, "அம்மா குடிப்பாங்களா?" என்றார். "இல்லீங்க, நானே குடிக்கமாட்டேன்" என்றார் அவர். அதற்குப் பிறகு எத்தனை பேர் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்று எண்ணவில்லை. கல்லீரல் கெட்டால் சாராயம் என்றுதான் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்தது வேறு. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய என் உடம்பின் சக்தியே, கல்லீரலை யாரோ அந்நியன் என்று நினைத்துப் பல வருஷங்களாகத் தாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. தாக்கிய இடமெல்லாம் தழும்பாகி, மிருதுவாக இருக்க வேண்டிய உறுப்பு முடிச்சு முடிச்சாக இறுகிவிட்டது. அதற்குத்தான் சிரோசிஸ் என்று பெயர். இறுகிய கல்லீரலுக்குள் ரத்தம் போக முடியாமல் தேங்குகிறது. அதனால் வயிற்றில் நீர் கோக்கிறது, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்கின்றன. அவை வெடித்தால் வாய்வழியாக ரத்தம் வரும். இவ்வளவையும் அந்த டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கடைசியில், "சென்னைக்குப் போயிடுங்க. மாத்துக் கல்லீரல் வெக்கிற ஆஸ்பத்திரியாப் பார்த்துப் போங்க" என்றார். ஏழுமலை அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தார்.

சோற்றில் உப்பே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழுமலைக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. முழங்கால் வரை வெள்ளையாகக் காய்ந்த கால்களோடு வீட்டுக்கு வருவார். வந்து, எனக்கு வைத்த உப்பில்லாத குழம்பையே ஊற்றிக்கொண்டு சாப்பிடுவார். "உங்களுக்குத் தனியா வெக்கிறேங்க" என்றால், "நாள் பூரா அதுலதான நிக்கிறேன், போதும்" என்பார்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் சோதனைகள். கல்லீரல் தர என் வீட்டில் இரண்டு பேர் முன்வந்தார்கள். ஏழுமலையின் ரத்த வகை எனக்குச் சேரவில்லை. என் அண்ணனுக்கு வகை சேர்ந்தது, ஆனால் அவர் கல்லீரலிலேயே கொழுப்பு படிந்திருந்தது. ஆகவே மூளைச்சாவு அடைந்த யாராவது ஒருவரின் கல்லீரலுக்காகக் காத்திருக்கும் பட்டியலில் என் பெயரை எழுதினார்கள். அப்போதெல்லாம் அப்படித் தானம் கிடைப்பது எப்போதாவதுதான். மத்திய அரசு வேலை என்பதால் பெரும்பகுதியை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. இல்லாவிட்டால் அந்தப் பட்டியலின் பக்கத்தில்கூட நான் போயிருக்க முடியாது. இதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

ரஹீமா அக்காவைப் பார்த்தது அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே. நர்ஸிடம் என் ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மரக்காணமா? நான் கூனிமேடும்மா. நம்ம ஊர் பஸ்ஸுலதான் நீயும் வந்தியா?"

திரும்பிப் பார்த்தேன். புர்க்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டிருந்த ஒரு பெண். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கண்கள் மஞ்சளாக இருந்தன. மெலிந்த கைகள், என்னுடையதைப் போலவே பெரிய வயிறு. பக்கத்தில் அவர் கணவர் காதர் பாய். கூனிமேட்டில் வலை நூல் கடை வைத்திருப்பவர். அக்காவுக்கு மகள் பிறந்தபோது ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த ரத்தத்தில் இருந்த கிருமி இருபது வருஷம் சத்தமில்லாமல் இருந்து கல்லீரலைத் தின்றுவிட்டது. எனக்கு முன்பே பட்டியலில் பெயர் கொடுத்தவர்.

அன்று அரை மணி நேரத்தில் அவர் சொன்ன விஷயங்கள் எந்த டாக்டரும் எனக்குச் சொல்லாதவை. "அந்த சிரப் குடுத்திருப்பாங்களே, அத குடிச்சிட்டு பஸ் ஏறிடாத. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ போகணும், அதுக்குத்தான் குடுக்கிறாங்க. வெக்கப்பட்டு நிறுத்துனா புத்தி கலங்கிடும். அரிப்பு வந்தா சொறியாத, ஈரத்துணி போடு. எண்டாஸ்கோப்பி குழாய் உள்ள போறப்போ அழாத, அழுதா இன்னும் குமட்டும். மூக்கால மூச்சு விடு. அவ்ளோதான்."

எங்கள் டாக்டர்கள் மூன்று ரத்தப் பரிசோதனைகளை வைத்து ஒரு எண் போடுவார்கள். எண் ஏற ஏற நோய் முற்றுகிறது என்று பொருள். ஏற ஏறப் பட்டியலிலும் முன்னால் போகலாம். அக்கா அதை மார்க் என்பார். "படிக்கிறப்போ கணக்குல இருபது தாண்டுனதில்ல. இப்ப பாரு, இருபத்தி நாலு" என்று சிரித்தார். எனக்கு அன்று பத்தொன்பது. நானும் சிரித்தேன். நோய் வந்த பிறகு அதைப் பற்றி நான் சிரித்தது அன்றுதான்.

அதன்பின் மாதம் ஒரு முறை சோதனைக்கு ஒன்றாகவே போனோம். கூனிமேட்டில் ஏறும் அக்கா எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துவைத்திருப்பார். மற்ற நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு போன். கல்லீரல் வடிகட்ட வேண்டிய நஞ்சு ரத்தத்தில் தங்கி மூளைக்கு ஏறினால் முதலில் கணக்கு தடுமாறும், நாள் கிழமை மறக்கும். நோயாளிக்கே அது தெரியாது. அதனால் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்வது என்று அக்கா ஏற்பாடு செய்தார். "நூறுலேர்ந்து ஏழு ஏழா கழி" என்பார். கவுன்ட்டரில் இருபது வருஷம் காசு எண்ணியவள் நான், கடகடவென்று சொல்லிவிடுவேன். சரிதானா என்று பார்க்க, விடைகளை மகள் ஷமீமாவை விட்டு எழுதவைத்து போனுக்கு மேல் சுவரில் ஒட்டியிருந்தார். அவர் முறை வரும்போது அதைப் பார்த்தே படிப்பார். கண்டுபிடித்துவிட்டேன். பிறகு அவருக்கு மட்டும் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லும் பரீட்சை வைத்தேன்.

ஆகஸ்டு மாதம் ஒரு நாள் நான் எண்பத்தாறு வரை சொல்லிவிட்டு நின்றேனாம். மறுபடியும் எண்பத்தாறு என்றேனாம். "அப்புறம்?" என்று கேட்டதற்கு, "பில் கட்டிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். எனக்கு எதுவுமே நினைவில்லை. வீட்டில் ஏழுமலை இருந்தார். நான் அசதியாக இருக்கிறேன் என்றுதான் நினைத்திருக்கிறார். அக்கா அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "தம்பி, உடனே வண்டி புடி. தூங்கிட்டா எழுப்ப முடியாது" என்று சொல்லியிருக்கிறார். பாண்டிச்சேரியில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தேன். கண் விழித்தபோது தலைமாட்டில் ஷமீமா உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரட்டும் என்று அக்கா அனுப்பியிருந்தார். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. "அம்மா கேக்கச் சொன்னாங்க ஆன்ட்டி, எண்பத்தாறுக்கு அப்புறம் என்ன?" என்றாள். எழுபத்தொன்பது என்றேன். வராந்தாவுக்கு ஓடிப்போய் அம்மாவுக்கு போன் செய்தாள்.

இருவருக்கும் ஓ பாசிட்டிவ் என்று சென்னை ஆஸ்பத்திரி அட்டைகளை ஒன்றாக வைத்திருந்தபோதுதான் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கிறோம் என்று அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஷமீமாவுக்கும் அதே ரத்த வகைதான். தன் கல்லீரலில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொல்லி அம்மாவிடமும் அத்தாவிடமும் அவள் அழுதிருக்கிறாள். "கல்யாணம் ஆகாத பொண்ணு வயித்த கிழிக்க நான் சம்மதிக்கமாட்டேன். இனிமே இந்த வீட்ல அந்தப் பேச்சு எடுத்தா மருந்த நிறுத்திடுவேன்" என்று அக்கா அவள் வாயை அடைத்துவிட்டார்.

நவம்பரில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "உங்க குரூப்ல ஒரு டோனர் இருக்காங்க. நீங்க ரெண்டாவது ஆளா வரணும். முதல் ஆளுக்குச் சரிவரலன்னா உங்களுக்கு. உடனே கிளம்புங்க. எதுவும் சாப்பிடாதீங்க." முதல் ஆள் யார் என்று அவர்கள் சொல்லவில்லை. போனை வைத்த மறுநிமிஷம் அது மறுபடி அடித்தது.

"உன்னையும் கூப்பிட்டாங்கல்ல? கார் எடுத்துட்டு வர்றோம். மெயின் ரோட்டுக்கு வந்து நில்லு" என்றார் அக்கா.

துணிமணிகளை எடுத்துக்கொண்டு பின்னால் பஸ்ஸில் வரும்படி ஏழுமலையிடம் சொல்லச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு, நான் ரோட்டுக்குப் போனேன். காரில் முன்னால் டிரைவரும் காதர் பாயும். பின்னால் அக்காவும் நானும் மட்டும். ஷமீமா வீட்டில் தங்கிவிட்டாள். காதர் பாய் முணுமுணுவென்று ஓதிக்கொண்டே வந்தார். கல்பாக்கம் தாண்டியது. பிறகு அக்கா என் கையைப் பிடித்தார்.

அந்தக் கை கொதித்தது.

நான் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "நேத்துலேர்ந்து இருக்குது. கிளம்புறப்போ ரெண்டு மாத்திரை போட்டுட்டேன். போய்ச் சேர்றதுக்குள்ள வேர்த்துடும்."

"அக்கா, டாக்டருகிட்ட சொல்லணும்."

"சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. இதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது விஜயா. சொல்லாத."

நான் தலையாட்டினேன். எதற்காக ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு வேர்த்திருந்தது. சூடு பார்த்தார்கள், சாதாரணமாக இருந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், அக்காவுக்கு வயிற்றில் மருந்து தடவித் தயார் செய்யத் தொடங்கினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அவர் ஓதும் சத்தம் கேட்டது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மாற்றுக் கல்லீரல் வைத்தவுடன், உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவிடுவார்கள். உள்ளே தொற்று இருந்தால், காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது போலத்தான். தொற்று உடம்பெல்லாம் பரவி ஆளைக் கொன்றுவிடும். இதை எனக்கு விளக்கியவரே ரஹீமா அக்காதான். பஸ்ஸில் போகும்போது, அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த இன்னொரு நோயாளியைப் பற்றிப் பேசியபோது சொன்னார். அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் துணிந்தார்.

நான் சொன்னால் அவர் உயிர் தப்பலாம். நான் சொன்னால் அந்தக் கல்லீரல் எனக்கு. இந்த இரண்டும் ஒன்றாகவே வந்தன. ஒன்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தேன். யாராவது அவர்களாகவே கண்டுபிடித்துவிடட்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பாத்ரூம் போவதுபோல எழுந்து போனேன். வராந்தாவில் ஒரு சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், முதல் பெட்டுல இருக்கிறவங்களுக்கு நேத்துலேர்ந்து ஜுரம். மாத்திரை போட்டுட்டு வந்திருக்காங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்கதான ரெண்டாவது?"

"ஆமாம்."

அவர் எழுந்து வேகமாகப் போனார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அக்காவின் வயிற்று நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். நீரில் தொற்று இருந்தது. பெரிய டாக்டர் வந்து காதர் பாயைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு என் கட்டிலுக்கு வந்து, கையெழுத்துப் போடும் காகிதங்களை நீட்டினார். ஏழுமலை அப்போதுதான் மழையில் நனைந்து வந்து சேர்ந்திருந்தார். விஷயம் புரிந்ததும் காதர் பாயின் அருகில் போய் நின்றார். அவர் தோளில் கை வைத்தார். காதர் பாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "போங்க, போய் உங்க வீட்டம்மாவப் பாருங்க" என்றார்.

அக்காவை வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் கட்டிலைத் தாண்டும்போது அவர் கண்ணைத் திறக்கவில்லை.

எனக்குக் கல்லீரல் தந்தவர் யாரென்று சொல்லமாட்டார்கள். சாலை விபத்தில் அடிபட்டவர் என்று மட்டும் தெரியும். அந்தக் குடும்பத்துக்காக என் வீட்டில் தினமும் விளக்கேற்றுகிறோம்.

ஆபரேஷனுக்குப் பிறகான முதல் நாட்களைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். தொண்டையில் குழாய். பேச முடியாது. தண்ணீர் தரமாட்டார்கள், பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார்கள். அந்தப் பஞ்சைக் கடித்து உறிஞ்சினேன். விலா எலும்புக்குக் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தையல். மூன்று குழாய்கள் வழியாகப் பைகளில் ஏதேதோ வடிந்தது. அதில் பச்சையாகப் பித்தநீர் வந்ததைப் பார்த்து டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள். புதுக் கல்லீரல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். மருந்தின் வேகத்தில் சுவரில் எறும்புகள் ஊர்வது தெரிந்தது. அக்கா பக்கத்துக் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. அந்தக் கட்டில் காலியாக இருந்தது என்று பிறகு ஏழுமலை சொன்னார்.

குழாயை எடுத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அவரைப் பற்றித்தான். "ஜுரம் விட்டுடுச்சாம். ஊருக்குப் போயிட்டாங்க" என்றார் ஏழுமலை. சிஸ்டரிடம் நான் சொன்ன விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். கண்களின் மஞ்சள் வெளுத்திருந்தது. வயிறு வற்றிவிட்டது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. காலை எட்டு, இரவு எட்டு என்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரை. அரை மணி தவறினாலும் ஆபத்து. அந்த மாத்திரையால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பும். எல்லாரும் என்னைப் பிழைத்துவந்தவள் என்று கொண்டாடினார்கள். சாயங்காலம் ஆறு மணி வரும். போன் அடிக்காது. நானும் எடுக்கமாட்டேன். ஒரு முறை எண்களைச் சுழற்றி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

பொங்கல் முடிந்த வாரம் ரத்தப் பரிசோதனையில் என் கல்லீரல் எண்கள் ஏறின. உடம்பு புதுக் கல்லீரலைத் தள்ளப் பார்க்கிறது என்றார்கள். விலாவுக்குள் ஊசி விட்டு நூல் போலத் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். மூன்று நாள் ஊசி மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். இது எனக்கு வந்த தண்டனை என்றே நினைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. ஏழுமலை யாரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் ஆறு மணிக்கு போன் அடித்தது.

"எண்ணு எவ்ளோ ஏறிச்சு?" என்றது அக்காவின் குரல். வேறு பீடிகையே இல்லை.

சொன்னேன்.

"ஊசி போட்டப்புறம்?"

"கொஞ்சம் இறங்கியிருக்குது."

"அப்ப இறங்கிடும். முதல் மூணு மாசத்துல பாதிப் பேருக்கு வருதுன்னு டாக்டர் எனக்கு முன்னாடியே சொல்லியிருக்காரு. சாப்பிடு."

என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, அன்னிக்கு சிஸ்டருகிட்ட நான்தான் சொன்னேன்."

"தெரியும். அந்த சிஸ்டரையே கேட்டுட்டேன்."

பிறகு அவர் சொன்னார்: "நீ சொல்லலன்னா மேசையிலயே போயிருப்பேன்னு பெரிய டாக்டர் சொன்னாரு. அது எனக்குப் புரியுது. ஆனா உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. உன் வயித்துல இருக்கிறது எனக்கு வந்தது. அந்தக் கோவம் போகமாட்டேங்குது. ரெண்டு மாசம் பேசாம இருந்து பார்த்தேன். கோவமும் போகல, ஆறு மணியானா கையும் சும்மா இருக்கல. அதனால கோவத்தோடதான் பேசுவேன். உனக்கு முடியுமா?"

"முடியும்க்கா."

"சரி. என்ன கிழமைன்னு கேளு."

அந்தக் கோபம் உண்மையாகவே இருந்தது. சில நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், சட்டென்று "உனக்கென்ன" என்று ஒரு சொல் வரும்; போனை வைத்துவிடுவார். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி அடிக்கும். நான் பதில் பேசுவதில்லை. பேச எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். ஆனால் ஒரு நாள் அப்படி அவர் சொன்னபோது, "அக்கா, எனக்கும் பயமா இருக்குது" என்று சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. "என்ன பயம், சொல்லு" என்றார். அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

அவர் மார்க் முப்பதைத் தாண்டியது. தொற்று ஒரு முறை வந்தவர்களுக்குத் திரும்ப வரும். இரண்டு முறை வந்தது. ஒரு மாதம் நன்றாக இருந்தார். அந்த மாதம் நானும் ஏழுமலையும் போய்ப் பார்த்தோம். நோன்புக் கஞ்சியை இந்த வருஷமாவது குடிக்க வேண்டும் என்று சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரவேயில்லை.

ஜூலையில் ஒரு காலை ரத்த வாந்தி எடுத்தார். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கூட்டமான வார்டுகளுக்கு நான் போகக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். வாயோரம் காய்ந்த ரத்தத்தை ஷமீமா துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்த்தார். பழக்கத்தில், "என்ன கிழமைக்கா?" என்று கேட்டேன்.

"விடும்மா. இன்னிக்குப் பரீட்ச வேணாம்" என்றார். பிறகு, "நீ இங்க நிக்காத. போ. வெளிய போய் நில்லு" என்று கையால் விரட்டினார். எனக்குத் தொற்று வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குக் கூனிமேட்டுக்குப் போயிருந்தோம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பின்கட்டில் ஷமீமா தனியாகப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அருகில் போய் உட்கார்ந்தேன். அவளிடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"ஷமீமா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு ஜுரம்னு சொன்னது நான்தான்மா."

"தெரியும் ஆன்ட்டி." அவள் கையை நிறுத்தவில்லை. "அம்மா சொன்னாங்க. அம்மாவவிட எனக்குத்தான் உங்க மேல கோவம் அதிகமா இருந்துச்சு."

அவள் கழுவிவைத்த தட்டுகளை நான் துடைக்கத் தொடங்கினேன்.

"அந்த ரெண்டு மாத்திரைய எடுத்துக் குடுத்தது நான்தான்" என்றாள். "அம்மா கேட்டாங்க. ஜுரத்தோட போனா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். நான் குடுக்கறேன்னு சொன்ன கல்லீரல வேணான்னுட்டாங்க. இதையாவது குடுக்கலாம்னு குடுத்தேன். டாக்டர் அத்தாகிட்ட சொன்னத அப்புறம்தான் கேட்டேன். அப்படியே ஆபரேஷன் பண்ணியிருந்தா அம்மா அன்னிக்கே போயிருப்பாங்க. நான் குடுத்த மாத்திரையால." கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னதால எனக்கு எட்டு மாசம் அம்மா இருந்தாங்க. இத அத்தாகிட்டகூட சொல்லல."

அந்த முக்கால் மணி நேரத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் அக்காவும் நானும் மட்டும்தான் இருந்தோம் என்று நினைத்திருந்தேன். கூனிமேட்டில் ஒரு வீட்டில், போன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தான் கொடுத்த மாத்திரை வேலை செய்ய வேண்டும் என்று ஒரு பெண் வேண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"உங்கம்மா என்கிட்ட கேட்டிருந்தா, நானும் எடுத்துக் குடுத்திருப்பேன்மா" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று தேடியது அந்தப் பார்வை. பிறகு ஈரக்கைகளோடு என் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, உள்ளே இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அழுதாள். அம்மா போனதிலிருந்து அவள் அழவே இல்லை என்று காதர் பாய் வாசலில் ஏழுமலையிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாராம். சத்தம் கேட்டு எழுந்து வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.